முடிக்காத வெள்ளிக்கிழமை

தஞ்சாவூர்
24-2-1997

தம்பி இராஜாங்கத்துக்கு அக்கா அம்சம் எழுதுவது.

மெட்ராஸ் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? இங்கே எனக்குச் சளி. லாட்ஜ் ரிசப்ஷனில் கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வேறென்ன வரும். கம்ப்யூட்டர் மட்டும் சுகமாக இருக்கிறது.

ஊரில் நடந்தது உன் காதுக்கு எட்டியதோ இல்லையோ. நம் வயலுக்குக் கிழக்கே இறால் பண்ணை போட்டிருக்கிறார்களே, அதன் கரையைப் போன பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு வெட்டிவிட்டார்கள். குளத்துத் தண்ணீர் மொத்தமாகக் கிளம்பி மோட்டார் கொட்டகைச் சுவரைச் சாய்த்துவிட்டது. உள்ளே படுத்திருந்த காவல்காரர் ஜெக்கரியாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, இங்கே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நம் தெரு வீரையன் அண்ணன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் அவரைவிட உன் மச்சான் மேல்தான் முதலில் சந்தேகம் அதிகம். பண்ணைத் தண்ணீர் கசிந்து நம் இரண்டு மா குத்தகை நிலமும் உப்பேறிப்போன ஆத்திரத்தில், போன மாதம் பண்ணை வாசலில் நின்று, “ஒருநா இல்லாட்டி ஒருநா இந்தக் கரை இருக்காது, பாத்துக்குங்க” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார். போலீஸ் கேட்டபோது அன்றைக்குத் தஞ்சாவூரில் என்னைப் பார்க்க வந்து லாட்ஜில் தங்கியதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நேரே இங்கே வந்துவிட்டார். நான் அவர் பெயரைத் தேடிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மருதையன், அறை 104, வருகை 14-2-97 காலை 5.20, புறப்பாடு 15-2-97 காலை 10.00.

இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் படித்தார். “வெள்ளிக்கிழம விடியகாலையே வந்து, மறுநா பத்து மணி வரைக்கும் இங்கதான். அப்ப இவர் இல்ல” என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். உன் மச்சானை விட்டுவிட்டார்கள். என் தம்பி எழுதிய புரோகிராம்தான் என் புருஷனைக் காப்பாற்றியது என்று முதலாளி கல்யாணராமன் சார் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு தடவை பதிந்த தேதியைக் கம்ப்யூட்டரில் பிறகு மாற்ற முடியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்சம்

சென்னை
2-3-1997

அன்புள்ள அக்கா,

வயிறு சரியாகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்றே பாதி சரியாகிவிட்டது. மச்சானை நினைத்துப் பயந்துபோய்ப் படித்து, கடைசியில் சிரித்துவிட்டேன். சத்தம் போட்டுப் பேசுகிற வாய் அவருக்கு. நல்லவேளை, அன்றைக்கு உன் ஞாபகம் வந்து பஸ் ஏறினார்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. உன்னால் முடியாது, உன் முதலாளியால் முடியாது. பழைய ரிஜிஸ்டரில் பிளேடால் சுரண்டித் தேதியை மாற்றுவார்களே, அந்த வேலை நடக்கவே கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். இன்னொன்றும் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், பெருமைக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதிலிருந்து மணியை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன், தேதியை எடுக்கவில்லை. லாட்ஜுக்கு நாள் வேறு மாதிரி அல்லவா. நடுஇரவு தாண்டி பஸ் இறங்கி வருகிறவரையும் முந்தின நாளோடு சேர்க்க வேண்டும் என்று கல்யாணராமன் சார்தான் கேட்டார். அதனால் ‘நாள் முடிப்பு’ என்ற இடத்தில் நீ தட்டுகிற வரைக்கும் பழைய தேதியே ஓடும். தட்டினால்தான் அடுத்த நாள் பிறக்கும். எங்கள் கம்பெனியில் இதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள்.

போலீசிலிருந்து கம்பெனிக்கும் வந்தார்கள். இந்தப் புரோகிராமில் தேதி தவற வழியில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் முதலாளி நாகேஸ்வரன் சார் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் லாட்ஜுக்காரர்களிடம் காட்டப்போகிறாராம். நம் தெருவிலிருந்து வந்தவன் கையெழுத்து இப்படி ஊர் ஊராகப் போகும் என்று அப்பா இருந்து பார்த்திருக்கலாம்.

லாட்ஜ் பதிவுகளை நகலெடுத்து மாதா மாதம் அனுப்ப வேண்டிய ஃபிளாப்பி இரண்டு மாதமாக வரவில்லை. அனுப்பு. திரையில் குங்குமம் வைக்காதே என்று நூறு தரம் சொல்லிவிட்டேன், பக்கத்தில் ஒரு சாமி படம் வைத்து அதற்கு வை.

நீலாக்குட்டிக்கு இந்த மாமாவின் முத்தம். வீரையன் அண்ணன் ஏன் அப்படிச் செய்தார்? ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர் ஆயிற்றே.

இராஜாங்கம்

தஞ்சாவூர்
9-3-1997

தம்பிக்கு,

ஃபிளாப்பி இத்துடன் வருகிறது. அட்டைக்கு நடுவில் வைத்துத் தைத்திருக்கிறேன், கத்தரிக்கோலால் குத்திவிடாதே.

வீரையன் அண்ணன் பெண்சாதி பொன்னுத்தாய் அக்கா எங்கள் லாட்ஜில்தான் படுக்கை விரிப்பு துவைக்கிறார் என்று உனக்குத் தெரியும். நான்தான் சேர்த்துவிட்டேன். தினமும் காலையில் ரிசப்ஷனைத் தாண்டித்தான் பின்கட்டுக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் என்னைப் பார்த்து ஏதாவது கேலி பேசிவிட்டுப் போவார். இப்போது நின்று, “ஒங்க கம்பூட்டர்ல எங்க ஊட்டுக்காரரு பேரு வராதா அம்சம்? அவரும் எப்பயாச்சும் இங்க வந்துருப்பாரே” என்று கேட்கிறார். அன்றைக்கு அவரும் இங்கே இருந்ததாக வந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார். இல்லை அக்கா என்கிறேன். மறுநாளும் கேட்கிறார்.

ஜெக்கரியா கண் விழித்தபோது எதிரே வீரையன் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாராம். அதைச் சொன்னார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வீரையன் அண்ணனோ எதைக் கேட்டாலும் பேசுவதில்லையாம். நான் செய்யவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

எனக்கு எழுத ஓடவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன்.

அம்சம்

சென்னை
16-3-1997

அக்கா,

ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நீ எப்போது ‘நாள் முடிப்பு’ தட்டுகிறாய் என்பதை மட்டும் உள்கடிகாரத்தின் தேதியோடு ஒரு மூலையில் பதிந்துவைக்கும்படி எழுதியிருந்தேன். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்ற நாளெல்லாம் இரவு பன்னிரண்டை ஒட்டித் தட்டியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை மட்டும் தட்டவே இல்லை. சனிக்கிழமை காலை ஆறு, ஆறேகாலுக்குத் தட்டியிருக்கிறாய். ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் மறதி என்று விட்டுவிடலாம். நவம்பரிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை பாக்கி இல்லை.

பிறகு, பதியப் பதிய ஒவ்வொருவருக்கும் தானாக விழுகிற வரிசை எண்ணைப் பார்த்தேன். பதினாலாம் தேதி இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்த திருச்சிக்காரருக்கு 611. அதே தேதி காலை ஐந்து இருபதுக்கு வந்த மச்சானுக்கு 614. காலையில் வந்தவர் இரவில் வந்தவருக்குப் பின்னால் எப்படி வருவார்? இந்த எண் பிரிண்டில் வராது. வந்திருந்தால் இன்ஸ்பெக்டருக்கும் புரிந்திருக்கும்.

தேதி தவற வழியில்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் அக்கா. உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் மாற்ற முடியுமா என்று கேட்டாயா? என்னிடம் நேராகக் கேட்க உனக்கு என்ன கூச்சம்? வெள்ளிக்கிழமை உங்கள் லாட்ஜில் அப்படி என்ன நடக்கிறது?

மச்சான் எப்போது வந்தார்? இதற்குப் பதில் எழுதாதே என்று எழுத நினைத்தேன். முடியவில்லை, எழுது. இதைப் படித்ததும் கிழித்துப்போடு.

இராஜாங்கம்

தஞ்சாவூர்
22-3-1997

தம்பி,

சனிக்கிழமை விடிகாலை வந்தார்.

வெள்ளிக்கிழமை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ புரோகிராம் போட்டுவிட்டுப் போன இரண்டாவது வாரம், இரவு முறையில் நான் இருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்று, என்ன பண்ணுகிறாய் என்றார். நாளை முடிக்கிறேன் சார் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கேத்தின இடத்துல முடிக்கறேன்னு சொல்லலாமாம்மா? அது அப்படியே இருக்கட்டும். காலம்பற வாசல் தெளிச்சப்புறம் பண்ணிக்கோ” என்றார். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் உப்பைக்கூட வெளியே தர மாட்டார்கள். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. நம் அம்மா வெள்ளிக்கிழமை அரிசிப் பானையைத் துடைத்து எடுக்க விட்டிருக்கிறாளா? உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை விடிவதற்குள் வருகிறவர்கள் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைத் தேதிதான் விழும். போகும்போது ரசீதில் பேனாவால் திருத்திக் கொடுத்துவிடுவேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அன்றைக்கு உன் மச்சான் ஐந்தேகாலுக்கு வந்து நின்றார். முத்துப்பேட்டையிலிருந்து மீன் லாரியில் வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பெயரைத் தட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். பதியாமல் யாருக்கும் சாவி கொடுக்காதே, சொந்தக்காரர் என்றாலும் கொடுக்காதே என்று நீதான் பாடம் நடத்தினாய். பழகிய கை தட்டிவிட்டது. திரையில் பதினாலு என்று இருந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பிரிண்ட் எடுத்தபோதுதான் பார்த்தேன். அப்போதே, சார் இது சனிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அவர் படித்து முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். அவர் மடித்து வைத்துக்கொண்டார்.

உன் மச்சானைப் போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் வைத்துக் கேட்டேன். தனியாகத்தான் வெட்டினாராம். காவல்காரர் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். தண்ணீர் கிளம்பிய பிறகு கொட்டகைக்குள்ளிருந்து குரல் கேட்டிருக்கிறது. “திரும்பிப் போயிருக்கணும் அம்சம். கால் வரல. ஓடிட்டேன்” என்றார். சொல்லிவிட்டு மண்வெட்டியைப் பார்த்தபடியே இருந்தார். வீரையன் அண்ணன் களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தவர். அந்தக் குரலைக் கேட்டு ஓடிவந்திருக்கிறார். வரப்பில் எதிரே உன் மச்சானைப் பார்த்தும் இருக்கிறார். அவரைத் தாண்டி ஓடி ஜெக்கரியாவை இழுத்துப்போட்டிருக்கிறார். உன் மச்சானைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் வாய் திறக்காமல் இருக்கிறார்.

காப்பாற்றியவர் உள்ளே, ஓடியவர் வெளியே. நான் என்ன செய்யட்டும்? எனக்கு அவரும் வேண்டும். நீலாவுக்கு அப்பா வேண்டும். ஆனால் காலையில் பொன்னுத்தாய் அக்கா வருகிற சத்தம் கேட்டால் நான் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

அம்சம்

சென்னை
28-3-1997

அக்கா,

மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை.

நீ ஒன்றும் செய்யாதே. நீ பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் என்ன இருந்ததோ அதைக் காட்டினாய். இறால் பண்ணைகளை மூடச் சொல்லி டெல்லியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது, இந்த ஆட்சியில் கேஸை ரொம்ப நாள் இழுக்கவும் மாட்டார்கள். நம் விவசாயத் தொழிலாளர் சங்கம் வக்கீல் வைத்திருக்கிறது. வீரையன் அண்ணன் மேல் சாட்சி ஏது? இரண்டு மாதத்தில் வந்துவிடுவார். மச்சான் உள்ளே போனால் அப்படி வர முடியாது. ஊரறியச் சவால் விட்டவர் அவர்.

என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார். நம் அப்பா பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கூலி வாங்கியவர். நாம் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்தபோது இவனால் ஆகுமா என்று பேசியவர்கள் இன்னும் பக்கத்து மேஜையில்தான் இருக்கிறார்கள். நான் எழுதியது தப்பு, நான் போட்ட கையெழுத்தும் தப்பு என்று கோர்ட்டில் நின்று சொன்னால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அதற்கு மேல் எனக்கு எங்கே வேலை?

அதெல்லாம் கிடக்கட்டும். இது எல்லாம் ஒரு பொத்தானை நேரத்துக்குத் தட்டாததால் வந்தது. படித்தவள் நீ, அவர் சொன்னால் கேட்டுக்கொள்வதா? எரிச்சலாக வருகிறது.

புது ஃபிளாப்பி அனுப்பியிருக்கிறேன். இதில் இரவு பன்னிரண்டு அடித்தால் நாள் தானாக மாறிவிடும், யாரும் எதையும் தட்ட வேண்டாம். உடனே போட்டுவிடு. பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளும்.

இராஜாங்கம்

தஞ்சாவூர்
12-4-1997

இராஜாங்கத்துக்கு,

உன் கடிதத்தைக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது பையிலிருந்து எடுத்து அவரே படித்துவிட்டார். மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், “கரைய வெட்டுனது நான்தான். வீரையன விட்ருங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அங்கே இருந்தவர் ஃபைலைப் பிரித்து உன் சான்றிதழைக் காட்டினாராம். “ஒங்க சங்கத்து ஆள வெளிய கொண்டாரதுக்கு நீங்க பழிய ஏத்துக்கிறீங்க. நீங்க அன்னக்கித் தஞ்சாவூர்ல இருந்தீங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அத எழுதினவரே கையெழுத்துப் போட்ருக்காரு. போயி வேலையப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். குற்றவாளி தானே போய் நிற்கிறான், நம்ப மாட்டேன் என்கிறார்கள். திரும்பி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஓடியதற்கு ஒரு தண்டனை கிடைத்தால் தேவலை என்று நினைத்துப் போனவர், அதுவும் கிடைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

நானும் சும்மா இருக்கவில்லை. வீரையன் அண்ணனுடைய வக்கீல் ஜெகபர் அலியைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஊரே சேர்ந்து வீரையனுக்காகப் பொய் சொல்லுதுன்னு ஒரே வார்த்தைல அடிச்சிருவாங்கம்மா. நீங்க சொன்னாலும் அதுதான், ஒங்க வீட்டுக்காரர் சொன்னாலும் அதுதான். அந்தப் புரோகிராம எழுதினவர் வந்து, அந்த மெஷின்லயே போட்டுக் காட்டி, தேதி எப்படித் தப்புச்சுன்னு சொல்லணும். வேற வழி இல்ல” என்றார். ஜாமீன் மனு 29-ம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறது.

அந்த மெஷினில் போட்டுக் காட்ட வேண்டும் என்றபோதுதான் எனக்கு உன் புது ஃபிளாப்பி ஞாபகம் வந்தது. அதைப் போட்டிருந்தால் பழையது போயிருக்கும். வெள்ளிக்கிழமை நாள் எப்படி நின்றது என்று இனி யாராலும் காட்ட முடியாது. உடனே போடு என்று எழுதியிருந்தாய். தப்பைத் திருத்த அனுப்பினாயா, தடயத்தை அழிக்க அனுப்பினாயா? நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள், என்னிடம் நீ இதைச் செய்தாயா? நான் அதைப் போடவில்லை. என் பெட்டியில் இருக்கிறது.

உன்னிடம் என் வாழ்நாளில் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வந்து என் புருஷனைப் பிடித்துக் கொடு. வீரையன் அண்ணனை உள்ளே வைத்துவிட்டு நான் குடும்பம் நடத்த முடியாது.

அம்சம்

சென்னை
19-4-1997

அக்கா,

நீ கேட்டது உண்மைதான். திருத்தவும் அனுப்பினேன், அழிக்கவும் அனுப்பினேன். எது முதலில் மனதில் வந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அழிப்பதுதான் முதலில் வந்தது. நல்ல வேலை செய்கிறோம் என்ற நினைப்பு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

நாகேஸ்வரன் சாரிடம் நேற்றுச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நீ கோர்ட்டுக்குப் போவதென்றால் கம்பெனி ஆளாகப் போக முடியாது என்றார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்னிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். இரவல் வாங்கியதாம்.

வருகிறேன். கூண்டில் ஏறி, நான் கையெழுத்துப் போட்டது தவறு, மருதையன் வந்தது சனிக்கிழமை என்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் படியேறியவர் மச்சான். அவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும். நீ அன்றைக்குக் கோர்ட்டுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் எனக்கு வராது.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நீ கோபத்தில் கேட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. மனது மாறினால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போடு. காரணம் எழுத வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். 26-ம் தேதி வரைக்கும் தபாலைப் பார்ப்பேன். வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன்.

இராஜாங்கம்

தஞ்சாவூர்
14-5-1997

தம்பி,

நீ வந்துபோய்ப் பதினைந்து நாள் ஆகிறது. சாட்சி சொல்லி முடித்ததும் கோர்ட் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டாய் என்று ஜெகபர் அலி சொன்னார். லாட்ஜுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டியபோதும் நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாய். நல்லதுதான்.

வீரையன் அண்ணன் வெளியே வந்துவிட்டார். உன் மச்சான் உள்ளே போனார். போகும்போது முகம் தெளிந்திருந்தது, இரண்டு மாதமாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெக்கரியாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னிடம் சொன்னார். போனேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

முதலாளிக்கு விஷயம் புரிய மூன்று நாள் ஆனது. இப்போது வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு ஆனால், “நான் அந்தண்ட போயிடறேன், நீ பண்ணிடு” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறார். பழைய புரோகிராமை மாற்ற வேண்டாம் என்று கோர்ட்டில் சொல்லியிருப்பதால் நான்தான் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டுகிறேன்.

நீ கேட்ட ஒரு வரியை நான் எழுதினேன். இருபத்திரண்டாம் தேதி. ‘வராதே தம்பி, வேண்டாம்’ என்று எழுதி, உறையில் போட்டு, தபால்பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோது பொன்னுத்தாய் அக்கா துணி மூட்டையோடு எதிரே வந்து, “யாருக்கு, தம்பிக்கா? நான் கேட்டேன்னு எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார். போடவில்லை. அதனால் நான் நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உன் பஸ் வழியில் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உனக்கு ஏதாவது ஆகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கேட்டவளும் நான்தான், வேண்டிக்கொண்டவளும் நான்தான்.

நீ செய்தது சரி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததை எழுதினால் அது மறந்துபோகும். எனக்கு உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால்கூட நெஞ்சு எரிகிறது. நான் சொல்லித்தான் வேலையை விட்டாய், நான் சொல்லித்தான் வந்து நின்றாய், அப்படியும் நீதான் அவரைக் கொண்டுபோனாய் என்று மனது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஊரில் அப்பாவோடு இருந்த நீலா இப்போது என்னோடு இருக்கிறாள். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு அறை பிடித்திருக்கிறேன். முந்தாநாள் சாப்பிடும்போது, அப்பாவை யார் பிடித்துக் கொடுத்தது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் ‘மாமா’ என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைத்தான் சொன்னேன் தம்பி. என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு, அப்படியானால் மாமா இனிமேல் நம் வீட்டுக்கு வரக்கூடாது என்றாள். நான் சரி என்றேன்.

என்றைக்காவது ஒருநாள் அவளிடம் நடந்ததைச் சொல்வேன். சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன். அதுவரைக்கும் வராதே.

அக்கா